ஆயிலுக்கு மேல் ஒரு டானிக்

இன்ஜினைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் புட்டிகள் எப்போது உதவும், எப்போது கழுத்தை அறுக்கும்?

தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் புதுப்பேட்டை: வாகன உதிரி பாகம் விற்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் அந்தப் புட்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. லேபிளில் சீறிப் பாயும் கார். கீழே வாக்குறுதிகள்: தேய்மானம் குறையும், மைலேஜ் கூடும், புகை நிற்கும், சத்தம் அடங்கும். செய்ய வேண்டியதெல்லாம் மூடியைத் திறந்து இன்ஜின் ஆயிலோடு ஊற்றுவதுதான்.

வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுபவருக்கு 'இன்ஜின் வேலை' என்ற இரண்டு வார்த்தையைவிட அச்சமூட்டும் சொல் வேறில்லை. பல ஆயிரம் ரூபாய் கைவிட்டுப் போவது ஒருபுறம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களில் வருமானமும் இல்லை. அதைச் சில நூறு ரூபாயில் தள்ளிப்போடலாம் என்று யாராவது சொன்னால் கை தானாகப் பைக்குள் போகும். சொல்பவர் பெரும்பாலும் நம்பகமான மெக்கானிக். புட்டி விற்றால் அவருக்கும் நாலு காசு நிற்கிறது என்பது இருக்கட்டும். பல மெக்கானிக்குகள் அதை உண்மையாகவே நம்புகிறார்கள்.

இந்த வியாபாரத்தில் வசதியாக மறைக்கப்படும் ஒரு விஷயம் உண்டு. கடையில் சீல் உடைக்காமல் வாங்கும் இன்ஜின் ஆயிலிலேயே அடிட்டிவ் இருக்கிறது. அதுவும் சொட்டுக் கணக்கில் அல்ல. சாதாரணமாக ஒரு டப்பா ஆயிலில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை சேர்மானங்கள்தான். மீதிதான் மூல எண்ணெய். கரியும் பிசுக்கும் படியாமல் கழுவ ஒன்று, கழுவிய அழுக்கைத் திரளவிடாமல் மிதக்க வைக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று, நுரை எழும்பாமல் தடுக்க ஒன்று, சூட்டில் எண்ணெய் தண்ணீராக இளகிவிடாமல் இழுத்துப் பிடிக்க ஒன்று. இவற்றோடு துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் கலந்த ஒரு கூட்டுப் பொருள். துறையில் இருப்பவர்கள் அதை இசட்.டி.டி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1940களிலிருந்து உலகெங்கும் இன்ஜின்களைக் காத்துவருவது இதுதான். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில், சூட்டாலும் அழுத்தத்தாலும் சிதைந்து கண்ணாடி மாதிரி ஒரு படலத்தை இது விரிக்கிறது. தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்குதான் அதன் கனம். உரசலில் தேய்வது இந்தப் படலம், இரும்பு தப்பித்துக்கொள்கிறது. தேய்ந்த இடத்தில் மறுபடி படலம் உருவாகிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சேர்மானங்களில் பல ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. கழுவும் பொருளும் தேய்மானத்தைத் தடுக்கும் பொருளும் வழுக்கலைக் கூட்டும் பொருளும் உலோகப் பரப்பில் போய் ஒட்ட வேண்டியவை. ஒன்றின் அளவு ஏறினால் மற்றது இடமில்லாமல் விலகும். அதனால்தான் ஆயில் கம்பெனிகள் இந்த விகிதத்தை உண்மையான இன்ஜின்களில் மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்கின்றன. அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் ஏ.பி.ஐ. தர எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சோதனைகள்தான். ஏற்கெனவே உப்புப் பார்த்து இறக்கிய குழம்பில் உப்பு நல்லது என்பதற்காக இன்னொரு கரண்டி போடுவது எப்படியோ, அப்படித்தான் இந்த ஆயிலில் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத புட்டியைக் கவிழ்ப்பதும்.

புட்டிக்காரர்களின் வாக்குறுதிகள் ஒருமுறை அதிகாரபூர்வமாகவே சோதனைக்கு உள்ளாயின. இடம் அமெரிக்கா. 1990களில் அங்கே டிவியில் இரவெல்லாம் ஓடிய விளம்பரங்கள் இந்தப் பொருட்களுக்குத்தான். நுகர்வோர் நலனைக் கவனிக்கும் மத்திய வர்த்தக ஆணையம் ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தது. எஸ்.டி.பி. பெயரில் அடிட்டிவ் விற்ற நிறுவனம் பழைய உத்தரவை மீறி விளம்பரம் செய்ததாக 1995-ல் 8,88,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அடுத்த ஆண்டு 'ஸ்லிக் 50' மாட்டியது. வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை, தங்கள் பொருள்தான் உலோகத்தின் மேல் பூச்சாகப் படிந்து காக்கிறது என்பது அதன் பிரசாரம். இரண்டுமே பொய் என்றது ஆணையம். ராத்திரி முழுதும் நின்ற வண்டியிலும் ஆயில் படலம் பாகங்களில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சரியான ஆயில் உள்ள இன்ஜின் நிராயுதபாணி அல்ல. 1997-ல் சமரசமாயிற்று. விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, வாங்கியவர்களுக்குக் குறைந்தது ஒரு கோடி டாலர் நிவாரணம்.

'ஜீமேக்ஸ்' விவகாரம் இதைவிட சுவாரசியமானது. தேய்மானத்தைக் குறைப்பதாக அது ஆதாரம் காட்டிய பரிசோதனையில், வெறும் ஆயிலில் ஆன அரிப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பேரிங் அரிப்பு ஏற்பட்டிருந்தது. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று 2001-ல் ஆணையம் குற்றம்சாட்டியது. 2003-ல் பத்து லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது. 'டூராலூப்'போ தன்னிடம் குளோரின் சேர்மம் இல்லவே இல்லை என்றது. இருக்கிறது என்றது ஆணையம்.

குளோரினுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கண்காட்சித் திடல்களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது செல்போன் வீடியோக்களிலும் ஓடுகிறது. மேஜைமேல் ஒரு சிறு மெஷின். சுழலும் உலோக வளையத்தின்மேல் ஒரு பேரிங் துண்டை நெம்புகோலால் அழுத்துகிறார்கள். சாதாரண ஆயிலில் கிறீச்சிட்டு நிற்கிறது. புட்டித் திரவம் சில சொட்டு விட்டதும் எவ்வளவு எடை ஏற்றினாலும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கூட்டம் வாய் பிளக்கிறது. சோதனையில் மோசடி இல்லை. ஆனால் கிரீசும் கியர் ஆயிலும் எவ்வளவு சுமை தாங்கும் என்று அளக்க வந்த முறை அது. குளோரின் சேர்ந்த திரவம் இதில் எப்போதும் நல்ல மார்க் வாங்கும். அதே குளோரின் இன்ஜினுக்குள் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். செம்பும் ஈயமும் கலந்த பேரிங்குகளுக்கு அது எமன். மேஜையில் இரண்டு நிமிஷம் ஜெயித்தது, வண்டியில் இரண்டு வருஷத்தில் தோற்கலாம்.

இந்தியாவுக்கு வந்தால் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. நாட்டில் பதிவாகும் வாகனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருசக்கர வண்டிகள். மேல்நாட்டில் காருக்காகத் தயாரான யோசனையை இங்கே பைக்குக்குச் சொல்கிறார்கள். கியர் உள்ள பைக்குகளில் பெரும்பாலானவற்றிலும், நாலு ஸ்ட்ரோக் ஆட்டோரிக்‌ஷாக்கள் பலவற்றிலும் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன. ஒரே ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும். பிஸ்டன் வழுக்க வேண்டும்; கிளட்ச் தகடு பிடிக்க வேண்டும். முரண்பட்ட இரண்டு வேலையை ஒரே ஆயில் செய்கிறது. இதற்கென்றே ஜப்பானியர்கள் 1998-ல் ஜாசோ என்ற தர அளவை வகுத்தார்கள். பைக் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்றோ 'எம்.ஏ.2' என்றோ இருந்தால் கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு அதில் உராய்வு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆயிலில் போய் உராய்வைக் குறைக்கும் புட்டியை ஊற்றினால் என்ன நடக்கும்? ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. மேட்டில் பாரத்தோடு ஏறும் ஆட்டோ பாதியில் மூச்சுத் திணறும். மைலேஜுக்காக ஊற்றியது மைலேஜைத் தின்னும். பிறகு ஆயிலை வடித்து நல்ல ஆயில் ஊற்றினாலும் தகடுகளில் ஊறியது முழுதாகப் போகாமல் கிளட்ச் பிளேட் செட்டையே மாற்ற நேரலாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். அதனால்தான் அவற்றுக்கு 'எம்.பி.' ரக ஆயில். பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்களும் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள்: இன்ஜினுக்கு ஒரு ஆயில், கிளட்ச் இருக்கும் செயின் பெட்டிக்கு வேறு. ஆனால் ஸ்கூட்டர்காரரின் அனுபவத்தைக் கேட்டு பைக்காரர் ஊற்றுவதுதான் தெருவில் நடக்கிறது.

புதிய வண்டிகளில் ஆபத்து வேறு ரகம். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. புகைக்குழாயில் உட்கார்ந்து நச்சு வாயுவை மாற்றும் சாதனம். அதற்கு விஷம், ஆயிலோடு எரிந்துபோகும் பாஸ்பரஸ். அதனால்தான் இன்ஜினைக் காக்கும் அதே இசட்.டி.டி.பி.க்கு உச்சவரம்பு வந்தது. 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில் மெல்லிய ரக ஆயில்களுக்கு 0.08 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் கூடாது. கூடுதல் துத்தநாகம் உள்ள புட்டியை ஊற்றுபவர், இன்ஜினியர்கள் கஷ்டப்பட்டுக் குறைத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப ஏற்றுகிறார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் அமலான பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களிலும் லாரிகளிலும் கரித்துகள் வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்தால் வருவது சாம்பல். சாம்பல் எரியாது. வடிகட்டிக்குள்ளேயே தங்கும், அடைக்கும். இதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் கம்பெனிகள் குறிப்பிடுகின்றன. சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களிலோ கால்சியம் மிகுந்தால், குறைந்த வேகத்தில் பெட்ரோல் கலவை முன்கூட்டியே தீப்பற்றிப் பிஸ்டனையே உடைக்கும் கோளாறு வரலாம். கழுவும் பொருளில் வழக்கமாக இருப்பது கால்சியம். 2020-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. 'இன்ஜினைப் பளிச்சென்று வைக்கும்' புட்டியின் லேபிளில் கால்சியம் எவ்வளவு என்று போட்டிருப்பதில்லை.

பழைய வண்டிப் பிரியர்கள் தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றின் கேம் ஷாஃப்ட் தட்டையான டாப்பெட்டின் மேல் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. துத்தநாகம் குறைந்த இக்கால ஆயில் அதற்குப் போதாது, ஆகவே தனியாக ஊற்ற வேண்டும் என்கிறார்கள். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. ஆனாலும் ஷெட்டில் வைத்துச் சீராட்டுபவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு நல்ல சேதி: பாஸ்பரஸ் உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான். இந்த வண்டிகள் குடிக்கும் 20டபிள்யூ-50 கெட்டி ஆயிலுக்கு அந்த வரம்பு பொருந்தாது. சரியான ஆயிலைத் தேர்ந்தெடுத்தாலே புட்டி அநேகமாகத் தேவைப்படாது.

அப்படியானால் எல்லாப் புட்டிகளும் குப்பைதானா? அப்படியும் இல்லை. குறிப்பிட்ட ஒரு நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு மருந்தாக இரண்டு மூன்று வகைகள் உதவும். வருஷக்கணக்கில் இறுகிப்போன ரப்பர் சீல் வழியாக லேசாக ஆயில் கசிந்தால், சீலை மிருதுவாக்கி உப்ப வைக்கும் திரவம் சில மாதம் தாக்குப்பிடிக்க வைக்கலாம். கிழிந்த சீலை அது தைக்காது. ஆயில் மாற்றும் முன் ஊற்றிக் கழுவும் 'ஃபிளஷ்' ஒழுங்காகப் பராமரித்த இன்ஜினுக்குத் தேவையில்லை. அலட்சியமாக விட்ட இன்ஜினுக்கு உதவும், அதே சமயம் அங்கேதான் ஆபத்தும். பல வருஷப் பிசுக்கு ஒரேயடியாகக் கழன்று அடியில் உள்ள ஆயில் உறிஞ்சியின் சல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயிலே ஏறாது. பத்து நிமிஷத்தில் சாக வேண்டியதுதான். அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல ஆயிலை ஊற்றி, வழக்கமான தூரத்தில் பாதியிலேயே இரண்டு மூன்று தடவை மாற்றுவது நிதானமான, பத்திரமான வழி.

ஃபிளஷ் போடுவது என்று முடிவு செய்தால் முறை முக்கியம். வண்டியின் கையேடு அதைத் தடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சூடான பழைய ஆயிலில் ஊற்றி, லேபிளில் சொன்ன நிமிஷங்கள் மட்டும் ஐட்லிங்கில் விட வேண்டும். ஊரைச் சுற்றக் கூடாது. மெலிந்துபோன அந்த ஆயில் பாரம் தாங்காது. ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே அணைக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் முழுதும் வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஃபில்டர் காசை மிச்சம் பிடிப்பவர்கள் ஃபிளஷ் காசையும் மிச்சம் பிடிப்பது நல்லது.

ஆயிலோடு தங்கியிருக்கும் எந்த அடிட்டிவுக்கும் அளவு ஒரு கண்டம். டிப் ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஆயில் நிற்கும் காரில் மேற்கொண்டு 300 மில்லி ஊற்றினால் கோட்டைத் தாண்டும். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. ஒரு லிட்டர் சுமாருக்கு ஆயில் பிடிக்கும் சிறிய பைக்கில் இது இன்னும் கண்கூடு. புட்டியின் அளவுக்கு ஆயிலைக் குறைத்து ஊற்ற வேண்டும். இரண்டு கம்பெனிப் புட்டிகளை ஒன்றாகக் கலக்கவே கூடாது. ஊற்றியதற்காக ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடவும் கூடாது. பெட்ரோல் டாங்கில் ஊற்ற வேண்டிய இஞ்செக்டர் கிளீனரை ஆயிலில் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். புட்டிகள் ஒன்றுபோலவே இருக்கின்றன.

வாரன்டி உள்ள வண்டியில் ஊற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அடிட்டிவ் வேண்டாம் என்று பல கையேடுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பழுதுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனி கை விரித்தால் புட்டிக்காரர் உதவிக்கு வரமாட்டார். புட்டி கிளப்பிய நம்பிக்கைக்குப் பரிகாரம் தேட வழி உண்டு: 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போடலாம். பில்லும் காலிப் புட்டியும் கையில் இருப்பவருக்குப் புகார் செய்வது எளிது. மெக்கானிக் கையால் ஊற்றி, குப்பையில் எறிந்துவிட்ட புட்டிக்கு என்ன சாட்சி?

அந்தச் சில நூறு ரூபாயை வேறு எங்கே போட்டால் இன்ஜினுக்கு ஆயுசு கூடும் என்று கேட்டால் பதில் சப்பென்று இருக்கும்: ஏர் ஃபில்டர். இந்தியச் சாலைத் தூசியில் இருப்பது மணல். ஓட்டை ஃபில்டர் வழியாக உள்ளே போனால் சிலிண்டர் சுவரை உப்புத்தாள்போல் தேய்க்கும். எந்த அடிட்டிவும் மணலை மிருதுவாக்காது.

கடைசியாக ஒரு வகை. இந்தப் புட்டிகளிலேயே அதிகச் சேதம் விளைவிப்பது வாங்கி ஊற்றியவருக்கு அல்ல, அடுத்தவருக்கு. தேன் மாதிரி கெட்டியான, ஆயிலைத் தடிக்க வைக்கும் ரகம் அது. ரிங் தேய்ந்து நீலப் புகை தள்ளும் இன்ஜினில் ஊற்றினால், தடித்த ஆயில் இடுக்கில் ஏறாமல் புகை சில நாள் அடங்கும், சத்தமும் தணியும். பழைய கார் கைமாறும் நாளுக்கு முன்னால் இதைவிடப் பொருத்தமான திரவம் கிடையாது. வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் தடவை ஆயில் மாற்றும்போதுதான் புகை திரும்ப வரும், கூடவே ரிங் செலவும்.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டியதில்லை. விடிகாலையில் போக வேண்டும். தான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பானட்டில் கை வைத்து இன்ஜின் ஜில்லென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் சொட்டாமல் நூலாக இழுத்தால் சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆன கணம் ஒரு நீலப் புகை எழுந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கலாம். நன்றாகச் சூடேறியபின் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். பத்து நிமிஷமாவது ஓடவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்டில்தான் தடித்த ஆயிலும் இளகும். 'நேற்றுதான் சார் ஆயில் மாற்றினேன்' என்று விற்பவர் சொன்னால், எந்த ஆயில், எத்தனை லிட்டர், பில் எங்கே என்று கேட்கலாம்.